மானிப்பாயிலிருந்து தெல்லிப்பழைக்கு, முதுகில் ஒரு கையோடு

1987ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணிக்கு மானிப்பாயில் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்து சைக்கிளை வெளியே உருட்டினேன். போகவேண்டிய இடம் தெல்லிப்பழை. தூரம் ஏழு கட்டை, அதாவது ஏழு மைல். இதெல்லாம் ஒரு பயணமா என்று வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். நல்ல காலத்தில் எங்களுக்கும் வந்திருக்கும். பஸ்ஸில் ஏறி, சுன்னாகத்தில் மாறி, யன்னலோரம் இருந்து ஒரு தூக்கம் போட்டால் தெல்லிப்பழை வந்துவிடும். ஆனால் அந்த மாசியில் எண்ணெய்த் தட்டுப்பாடு. பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. தெல்லிப்பழைக்கு அப்பால் இருந்த இராணுவ முகாமிலிருந்து ஷெல், அதாவது பீரங்கிக் குண்டு, எப்போது வரும் என்பதும் யாருக்கும் தெரியாது. நான் பயந்த சுபாவம் உள்ளவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னைத் தைரியசாலி என்று நினைத்துவிடக் கூடாது.

சைக்கிள் கரியரில் ஒரு பழைய தலையணையைக் கட்டி, அதன்மேல் என் மனைவி புஷ்பத்தை ஏற்றியிருந்தேன். அவளுக்கு இடக் கண் முன்பே போய்விட்டது. வலக் கண்ணிலும் வெண்படலம் விழுந்து, வெளிச்சம் எது இருட்டு எது என்ற அளவுக்குத்தான் பார்வை மிஞ்சியிருந்தது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கண் டொக்டர் ஒருவர் வந்திருக்கிறார், அந்த வாரம் முடியப் பிறநாட்டுக்குப் போகிறார், செவ்வாய் காலை பத்து மணிக்குள் வந்தால் புதன்கிழமை ஒப்பரேஷன் செய்வார் என்று எங்கள் கோயில் போதகர் ஏற்பாடு செய்து தந்திருந்தார். தவறவிட்டால் கொழும்புக்குத்தான் போக வேண்டும். அந்த நாட்களில் கொழும்புக்குப் போவது எங்களைப் போன்றவர்களுக்கு நடக்கிற காரியம் இல்லை. ஆகவே இந்த ஏழு கட்டையைப் பத்து மணிக்குள் கடக்காவிட்டால் புஷ்பம் மிச்சக் காலம் முழுவதும் இருட்டில் இருக்க வேண்டியதுதான்.

இனி என் கதை. எனக்குக் காது கேட்காது. மானிப்பாயில் ஓர் அச்சகத்தில் முப்பது வருடம் எழுத்துக் கோத்தேன். அங்கிருந்த அச்சு மெஷின் கொஞ்சம் கொஞ்சமாக என் காதுகளைத் தின்றுவிட்டது. வலது காதில் வாயை வைத்துக் கத்தினால் பாதி கேட்கும். மீதியை உதட்டைப் பார்த்து வாசித்துக்கொள்வேன். ஈய எழுத்துகளை இடம் வலம் மாறிப் படித்துப் பழகிய கண்ணுக்கு அது பெரிய வித்தை இல்லை. ஆனால் அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் உயிரோடு இருக்க மிகவும் தேவைப்பட்டது காதுதான். ஹெலிகொப்டர் வரும் இரைச்சலையும், முகாமில் ஷெல் புறப்படும் குத்துச் சத்தத்தையும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள்கூடப் பிரித்துச் சொல்வார்கள். நான் மற்றவர்களின் முகத்தைப் பார்த்து ஓடவேண்டியவன். எல்லோரும் பங்கருக்குள், அதாவது பதுங்குகுழிக்குள், இறங்கிய பிறகு முற்றத்தில் தனியாக நின்று, இந்த வீட்டில் ஏன் ஒருவரையும் காணவில்லை என்று யோசித்த நாட்களும் உண்டு.

இதற்குப் புஷ்பம் ஒரு வழி கண்டுபிடித்தாள். சைக்கிளில் போகும்போது அவளுடைய வலது கை எப்போதும் என் முதுகில் இருக்கும். ஹெலி கேட்டால் விரலால் தட்டுவாள், நான் மர நிழலுக்குள் விட வேண்டும். ஷெல் குத்தும் சத்தம் கேட்டால் கை முட்டியால் குத்துவாள், நான் சைக்கிளோடு விழ வேண்டும். என் முதுகு அவளுக்கு மேளம் என்று அயலவர்கள் பகிடி பண்ணுவார்கள். அவளுக்கு அதில் வெட்கம் ஒன்றும் கிடையாது.

"ஆண்டவர் எங்கடை வீட்டுக்குச் சோடி காதும் சோடி கண்ணும் அளந்துதான் குடுத்திருக்கிறார். என்ரை காதும் உங்கடை கண்ணும் சேர்ந்தா ஒரு முழு ஆள். காணாதோ?" என்பாள்.

"அளக்கேக்கை ஒரு பிடி கூடப் போட்டிருந்தா அவருக்குக் குறைஞ்சே போயிருக்கும்?" என்று நான் கேட்பேன்.

ஆறரை மணிபோலச் சுதுமலை தாண்டி உடுவில் பக்கம் வந்தோம். இருபுறமும் தோட்டக் காணி. வெங்காயப் பாத்திகளில் பனி இன்னும் காயவில்லை. தார் ரோட்டில் ஆள் நடமாட்டம் குறைவு. வெறும் ரோடு எனக்குப் பிடிக்காது. பார்ப்பதற்கு முகங்கள் வேண்டும். யாராவது எதிரே சைக்கிளில் வந்தால் உடனே அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் வானத்தைப் பார்க்கிறாரா, வேகமாக மிதிக்கிறாரா, சும்மா வெற்றிலை சப்பிக்கொண்டு வருகிறாரா என்று பார்த்துத்தான் அடுத்த மிதி மிதிப்பேன்.

அப்போது முதுகில் விழுந்தது குத்து. தட்டல் இல்லை, முட்டிக் குத்து, அதுவும் தொடர்ந்து. சைக்கிளை அப்படியே சரித்து, புஷ்பத்தைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு தோட்டத்து வாய்க்காலுக்குள் குப்புறப் படுத்தேன். அவள் தலைக்குமேல் என் கையை வைத்துக்கொண்டேன். ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர என் வாயில் வேறொன்றும் வரவில்லை.

ஷெல் வரவில்லை. தண்ணீர் வந்தது. முதலில் நெஞ்சு குளிர்ந்தது, பிறகு வாய்க்குள் செம்மண் சேறு புகுந்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தால் மண்வெட்டியோடு ஒரு தோட்டக்காரர் எங்களுக்கு மேலே நின்றுகொண்டிருந்தார்.

"என்ன ஐயா, என்ரை வாய்க்காலுக்கை படுத்துத் தண்ணியை மறிக்கிறியள்?"

"குத்துற சத்தம் கேட்டது, தம்பி" என்றாள் புஷ்பம், மண் அப்பிய முகத்தோடு.

அவருடைய வாய் முழுவதும் சிரிப்பாகிவிட்டது. "ஐயோ அம்மா, உது எங்கடை தண்ணி இறைக்கிற மிசின்! பெற்றோல் இல்லாமல் தனி மண்ணெண்ணெயிலை இழுக்கிறம். துவங்கேக்கை உப்பிடித்தான் குத்திக் குத்தி இருமும்."

தோட்டக்காரர் தன் சால்வையைத் தந்து முகம் துடைக்கச் சொன்னார். கிணற்றடிக்குக் கூட்டிப்போய் கால் கை கழுவத் தண்ணீர் அள்ளித் தந்தார். மனுசன் நல்லவர். ஆனால் புஷ்பத்துக்கு முகம் செத்துவிட்டது. மண் பட்ட வெள்ளைச் சேலையைப் பிழிந்தபடி, "என்ரை காதும் போகப் போகுதோ?" என்று என் காதுக்குள் கேட்டாள். கண் போனபோதுகூட அவள் அப்படிக் கலங்கியதை நான் பார்க்கவில்லை. எனக்கும் பயம் பிடித்தது. அவள் காது பிசகினால் எங்கள் இருவருக்கும் கையிருப்பு ஒன்றுமில்லை.

ஏழரைக்கு மருதனார்மடம். சந்தியில் ஒரே ஒரு தேநீர்க் கடை திறந்திருந்தது. பிளேன்டீ ஒரு ரூபா, பணிஸ் என்கிற பன் ஒன்றரை. பணிஸ் முதல்நாளையது, கல்லுப் போல. தேநீரில் நனைத்துச் சாப்பிட்டோம். கடைக்காரரிடம் மல்லாகம் பக்கம் ரோடு எப்படி என்று கேட்டேன்.

"விடிய ஒருக்கா ஹெலி சுத்தினது. இப்ப ஒண்டையும் காணேல்லை. போறதெண்டா நிண்டு நிண்டு போங்கோ" என்றார். நிற்பதற்கு எங்களுக்கு நேரம் இல்லை.

சுன்னாகம் சந்தையில் அரைவாசிக் கடைகள் பூட்டு. மரக்கறிக் கூடைகளோடு இருந்த பெண்கள் வானத்தைப் பார்த்தபடியே விலை பேசினார்கள். அந்த இடம் தாண்டியதும் எங்கள் திசையில் போக வேறு ஆளில்லை. முகாம் இருக்கும் திசையை நோக்கி நாங்கள் மிதிக்க, அந்தத் திசையிலிருந்து வருகிறவர்கள் மூட்டை முடிச்சோடு வந்தார்கள். எல்லோரும் ஒரு பக்கம் போக நாங்கள் மறுபக்கம் போவது எனக்குச் சரியாகவே படவில்லை. திரும்பிவிடுவோமா என்று கேட்க வாய் வரை வந்தது. பத்து மணியை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

மல்லாகத்துக்குக் கிட்ட ஒரு பனங்கூடல். அங்கே நான் கண்டதைச் சொல்கிறேன். பனைகளில் இருந்த காகங்கள் எல்லாம் ஒரேயடியாக எழும்பின. வேலியோரம் மேய்ந்த மாடு தலையைத் தூக்கியது. எதிரே வந்த ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். ஆனால் என் முதுகில் புஷ்பத்தின் கை சும்மா இருந்தது. தட்டலும் இல்லை, குத்தும் இல்லை. ஒரு கணம் நான் அவள் கையை நம்பினேன். மறுகணம் என் கண்ணை நம்பி, ரோட்டோரப் பள்ளத்துக்குள் சைக்கிளோடு சரிந்தேன். தலைக்கு மேலே பனையோலைகள் ஆடின. ஹெலி மிகவும் பதிந்து பறக்க, அதன் நிழல் ரோட்டில் ஊர்ந்து போனதைப் பார்த்தேன். ஹெலியிலிருந்து விழுந்த சூட்டில் ரோட்டின் நடுவே புழுதி வரிசையாகத் துள்ளியது. நாங்கள் வந்துகொண்டிருந்த அதே வரிசை.

புஷ்பம் ஏதோ சொன்னாள். அவள் உதட்டைப் பார்த்தேன். "எனக்குக் கேட்டது. கேட்டதுதான். திருப்பியும் மிசினெண்டு நினைச்சிட்டன். இன்னொருக்கா உங்களைச் சேத்துக்கை விழுத்தக் கூடாதெண்டு பேசாமல் இருந்திட்டன்."

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. பயம்தான் கோபமாக வந்தது. "இஞ்சேரும், நூறு தரம் சேத்துக்கை விழுத்தும், நான் விழுறன். வெக்கத்துக்காக இனிமேல் கையைச் சும்மா வைச்சிருக்காதையும்" என்று கத்தினேன். செவிடன் கத்தினால் எவ்வளவு பலமாக இருக்கும் என்பது செவிடனுக்குத் தெரியாது. எங்களுக்கு முன்பே பள்ளத்துக்குள் ஓடிப் பதுங்கியிருந்த அந்தச் சைக்கிள்காரர் என் வாயைப் பொத்தச் சொல்லிக் கையால் காட்டினார்.

ஒன்பதரைக்குத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரி. என் முழங்கால் தேய்ந்து இரத்தம், அவள் சேலை முழுக்கச் செம்மண். வாசலில் நின்ற மிஸ்ஸி, அதாவது தாதி, நாங்கள் காயப்பட்டு வந்தவர்கள் என்று நினைத்து ஓடிவந்தாள். கண்ணுக்கு வந்தோம் என்றதும் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஏச்சும் வந்தது.

புதன்கிழமை ஒப்பரேஷன் முடிந்தது. டொக்டர் என்னை அழைத்து, நான் உதடு வாசிப்பவன் என்று தெரிந்து, மெதுவாகச் சொன்னார். கண்ணில் தையல் போட்டிருக்கிறது. நாளை மறுநாள் வரை தலை அசையக் கூடாது. இருமக் கூடாது, திடுக்கிடக் கூடாது. அசைந்தால் தையல் விட்டுவிடும், பிறகு அந்தக் கண்ணுக்குச் செய்ய ஒன்றுமில்லை. புஷ்பத்தை மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு கண்களையும் கட்டி, தலைக்கு இருபுறமும் சின்ன மண்பைகள் வைத்திருந்தார்கள். வார்ட்டின் யன்னல்களிலும் மண்மூட்டைகள்தான் அடுக்கியிருந்தன.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். நான் கட்டிலின் தலைமாட்டில் ஸ்டூலில் இருந்தேன். வார்ட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். சேலைன் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் ஓடினார். மிஸ்ஸி என் முன்னால் வந்து வாயை அகலத் திறந்து சொன்னாள்.

"ஐயா, ஷெல் வருது! எல்லாரும் பங்கருக்கு! அம்மாவைத் தூக்க ஏலாது, தூக்கினாத் தலை ஆடும். நீங்களாவது வாங்கோ!"

அவளுக்கும் ஓட வேண்டும், மற்ற நோயாளிகளையும் இறக்க வேண்டும். நான் தலையை ஆட்டினேன். வரமாட்டேன் என்பதற்கா, சரி என்பதற்கா என்று எனக்கே தெரியாது. அவள் போய்விட்டாள். அந்த நீண்ட வார்ட்டில் நாங்கள் இருவரும் மட்டும்.

கட்டிலின் இரும்புச் சட்டத்தில் என் கை இருந்தது. அதில் ஓர் அதிர்வு வந்தது. புஷ்பத்தின் விரல்கள் படுக்கை விரிப்பைக் கசக்கிப் பிடித்தன, கழுத்து நரம்பு விறைத்தது. அவளுக்குக் கண் கட்டியிருந்தது, ஆனால் ஒவ்வொரு குத்தும் ஒவ்வொரு வெடிப்பும் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்தது கிட்ட விழுந்தால் அவள் உடம்பு அவளைக் கேட்காமல் துள்ளும். மண்பைகளால் அதைத் தடுக்க முடியாது. இவ்வளவு தூரம் வந்து, வாய்க்காலில் படுத்து, பள்ளத்தில் விழுந்து, கடைசியில் ஒரு திடுக்கிடலில் எல்லாம் போய்விடப் போகிறது என்று தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. ஜெபம் பண்ண வார்த்தை வரவில்லை.

என்ன நினைத்துச் செய்தேன் என்று இன்றும் சொல்ல முடியாது. எழும்பி நின்று, குனிந்து, என் இரண்டு உள்ளங்கைகளையும் அவள் இரண்டு காதுகளிலும் வைத்து அழுத்தி மூடினேன். எழுத்துக் கோத்த கை, விரலெல்லாம் காய்த்துத் தடித்த கை. அவளுடைய தலை முழுவதும் என் கைகளுக்குள் அடங்கியிருந்தது. ஈயப் பக்கத்தை இறுக்கிக் கட்டுகிற மாதிரி, ஓர் எழுத்தும் நகராத மாதிரி, ஒரே இறுக்கத்தில் பிடித்துக்கொண்டேன்.

அவளுடைய கை மேலே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. குத்தினாள், மெதுவாக. ஷெல் ஒன்று. பிறகு இன்னொன்று. எனக்குப் பழக்கமான அந்தச் செய்தியை அந்த நிலையிலும் அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் விழ வேண்டும், மறைய வேண்டும் என்பதற்காக. நான் விழவில்லை. தரையிலிருந்து என் கால்களுக்கு அதிர்வு ஏறியது, கூரையிலிருந்து தூசி விழுந்து என் பிடரியில் ஒட்டியது. சத்தம் மட்டும் இல்லை. என் கைகள் நடுங்காமல் இருந்ததற்குக் காரணம் அவ்வளவுதான். இந்தக் காது கேட்டிருந்தால் முதல் ஆளாக நான் பங்கருக்குள் பாய்ந்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

ஒரு கட்டத்தில் மணிக்கட்டில் குத்துவது நின்றது. ஷெல் நின்றதா, அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று அறிய வழியில்லை. கையை எடுக்கப் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம். அப்படியே குனிந்து நின்றேன். இடுப்பு விறைத்துப்போனது. சேலைன் போத்தலோடு ஓடிய கிழவர் திரும்பி வந்து தன் கட்டிலில் இருந்தபோதுதான் முடிந்துவிட்டது என்று புரிந்தது.

கையை எடுத்தேன். புஷ்பத்தின் உதடு அசைந்தது.

"நீங்கள் கை வைச்சாப் பிறகு சத்தமெல்லாம் தூரத்திலை, கடல் இரைஞ்ச மாதிரித்தான் கேட்டது. பிறகு அதுவும் கேக்கேல்லை. உங்கடை கைக்குள்ளை நித்திரையாப் போனன்" என்றாள். பிறகு, "ஒவ்வொரு நாளும் உப்பிடி ஒண்டும் கேளாமலே இருக்கிறியள்?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

அன்று பின்னேரம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு தாயையும் பிள்ளையையும் மாட்டு வண்டிலில் கொண்டுவந்தார்கள். பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். நான் அதைப் புஷ்பத்துக்குச் சொல்லவில்லை. அவள் ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தத் தாயும் காலையில் ஜெபமோ பூசையோ ஏதோ ஒன்று செய்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டியிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. என் காதை ஆண்டவர் எடுத்தார் என்றும் நான் சொல்லமாட்டேன். எடுத்தது அச்சு மெஷின். ஆனால் போன காது வீணாகப் போகவில்லை என்பதை அந்த வார்ட்டில் என் இரண்டு கைகளாலும் தொட்டுப் பார்த்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை கண்கட்டை அவிழ்த்தார்கள். கண்ணாடி வர ஆறு வாரம் ஆகும், அதுவரை எல்லாம் மங்கலாகத்தான் இருக்கும் என்றாள் மிஸ்ஸி. புஷ்பம் என்னை உற்றுப் பார்த்தாள்.

"இதென்ன, இவ்வளவு நரைச்சுப் போனியள்!"

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு சரியாக வரவில்லை. மிஸ்ஸி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எட்டு மணிக்குப் புறப்பட்டோம். கறுப்புக் கண்ணாடி போட்டுக் கரியரில் இருந்தவள், மங்கலாகத் தெரிந்ததையெல்லாம் என் காதுக்குள் கத்திக்கொண்டு வந்தாள். பச்சை, சிவப்பு மண், யாரோ மஞ்சள் சேலை. மானிப்பாயும் தெல்லிப்பழையும் ஒரே மாதிரியான ஊர்கள்தான், அதே வேலி, அதே கிணறு, அதே பனை. ஆனால் எங்கள் ஊரில் பயம் வந்து போகும். தெல்லிப்பழையில் அது குடியிருந்தது. அங்கே இருக்கிறவர்களை விட்டுவிட்டு வருகிறோம் என்பது மிதிக்க மிதிக்க என் நெஞ்சில் கனத்தது.

மல்லாகம் பனங்கூடலுக்குக் கிட்ட வந்தபோது வேகத்தைக் குறைத்தேன். ரோட்டின் நடுவே குத்துக் குத்தாகத் தார் பெயர்ந்திருந்தது. "இப்ப உமக்குக் காதும் இருக்கு, கண்ணும் வந்திட்டுது. இனி நான் எதுக்கு?" என்று, பயத்தை மறைக்கப் பகிடியாகக் கேட்டேன்.

பதில் வந்ததா என்று தெரியாது. முதுகிலிருந்த கை எடுபட்டது. திடுக்கிட்டு மரங்களைப் பார்க்கத் தலையைத் தூக்கினேன். அதற்குள் அவள் பின்னாலிருந்து தன் இரண்டு உள்ளங்கைகளையும் கொண்டுவந்து என் காதுகளை மூடினாள். செவிட்டுக் காதை மூடி என்ன பிரயோசனம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பனங்கூடல் முடியும் வரை அவள் கையை எடுக்கவில்லை, நானும் மிதிப்பதை நிறுத்தவில்லை. அந்த நேரம் வானத்தில் ஏதாவது சத்தம் இருந்ததா என்று அவளிடம் நான் இன்றுவரை கேட்டதில்லை.